ஆபரேஷனுக்குப் பிறகு பிஎஸ்ஏ மறுபடி ஏறுகிறது, முடிவெடுக்கவும் முடியவில்லை, வீட்டில் சொல்லவும் முடியவில்லை

மன்னை_வாத்தியார்

வணக்கம். இங்கே எழுதுவதைக் கொஞ்ச காலமாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தவன், இன்று கேட்க வந்திருக்கிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 67, ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், மன்னார்குடிப் பக்கம். 2021-இல் சென்னையில் புற்றுநோய்க்காகப் புராஸ்டேட்டை (மூத்திரப்பைக்குக் கீழே ஆண்களுக்கு இருக்கும் சுரப்பி) முழுதாக எடுத்தாயிற்று. க்ளீசன் 3+4, அதாவது புற்றின் தீவிரம் நடுத்தரம். எடுத்த சுரப்பியைப் பரிசோதித்தபோது ஒரு பக்கம் வெட்டிய விளிம்பு வரைக்கும் புற்றுச் செல்கள் இருந்தன. "இப்போதே கரண்ட் (கதிர்வீச்சு) வைக்க வேண்டாம், பிஎஸ்ஏ (புராஸ்டேட் செல்கள் ரத்தத்தில் விடும் புரதத்தின் அளவு) ஏறினால் பார்த்துக்கொள்ளலாம்" என்றார் டாக்டர். இரண்டு வருடத்துக்கு மேல் 0.01-க்குக் கீழேயே இருந்தது. மருந்து இல்லை, மாத்திரை இல்லை, சொந்தக்காரர்கள் மறந்தே போனார்கள், நானும்தான். அப்புறம் 0.06. ஆறு மாதம் கழித்து 0.12. இப்போது 0.24; சந்தேகத்துக்கு இன்னொரு லேபில் கொடுத்துப் பார்த்தேன், 0.25. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இரட்டிக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ரிசல்ட் வாட்ஸப்பில் வந்தபோது என் மனைவிதான் முதலில் திறந்து பார்த்தாள். பக்கத்தில் நார்மல் 0 முதல் 4 வரை என்று அச்சடித்திருக்கிறார்கள் அல்லவா, அதைப் பார்த்துவிட்டு "அப்பாடா, நார்மல்தான்" என்று சாமி படத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அந்த 0-4 எல்லாம் சுரப்பி உள்ளே இருக்கிறவனுக்கு. எடுத்துவிட்டவனுக்கு 0.2 தொட்டு, மறுபடி எடுத்தும் அப்படியே இருந்தால் நோய் திரும்பியதாகத்தான் கணக்கு. அதை நான் சொல்லவில்லை. பென்ஷன் வேலை என்று பொய் சொல்லிவிட்டுத் தனியாகச் சென்னை போய், புற்றுச் செல் உடம்பில் எங்கே இருக்கிறது என்று தேடும் பிஎஸ்எம்ஏ பெட் ஸ்கேன் எடுத்துக்கொண்டு வந்தேன். எங்கேயும் ஒன்றும் தெரியவில்லை என்று ரிப்போர்ட். நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்றே புரியவில்லை. ஒன்றும் தெரியவில்லை என்றால் எந்த இடத்தில் கரண்ட் வைப்பார்கள்?

ஆபரேஷன் செய்தவர் உடனே கரண்ட் ஆரம்பிக்கலாம் என்கிறார். கதிர்வீச்சு டாக்டர் கரண்டோடு ஆறு மாதம் ஹார்மோன் ஊசியும் போடலாம் என்கிறார். தெரிந்த டாக்டர் ஒருவர், ஸ்கேனில் ஏதாவது தெரியும்வரை சும்மா இருங்கள் என்கிறார். ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் மூலிகைப் பொடி வாங்கி வைத்திருக்கிறான். யார் பேச்சைக் கேட்பது? 2021-இலேயே கரண்ட் வைத்திருந்தால் இது வந்திருக்குமா என்ற கேள்வி வேறு மண்டையைக் குடைகிறது.

மனதைச் சொல்கிறேன். முதல் தடவை பயம் இருந்தது, ஆனால் செய்வதற்கு ஒரு வேலையும் இருந்தது: அட்மிஷன், ஆபரேஷன், ட்யூப், பேட், இடுப்புப் பயிற்சி என்று ஓடினேன். இந்தத் தடவை உடம்பில் ஒரு வலி கிடையாது, காலையில் நடக்கிறேன், வயலுக்குப் போய் வருகிறேன், ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பழைய கிராஃப் நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருக்கிறேன். 0.24, 0.48, 0.96 என்று 2030 வரை போட்டுவிட்டேன். பெரிய கோபமாக வருகிறது, யார் மேல் என்று தெரியவில்லை. மகள் தாம்பரத்தில் இருக்கிறாள், எட்டு மாதக் கர்ப்பம். இந்த நேரத்தில் அவளிடம் எப்படிச் சொல்வது? சில ராத்திரி, இப்படியே போய்ச் சேர்ந்தால் தேவலை என்றுகூடத் தோன்றுகிறது.

அனுபவப்பட்டவர்கள் யாராவது பேசுங்கள்.

காவிரிக்கரை

சார், ஸ்ரீரங்கத்திலிருந்து எழுதுகிறேன். நானும் இதே வழியில் போனவன். ஆபரேஷன் முடிந்து மூன்றாவது வருடம் 0.3 வந்தது, 2019-இல் கரண்ட் வைத்துக்கொண்டேன். இப்போது அசையாமல் கீழே இருக்கிறது. எனக்கு இப்படி ஆனதால் உங்களுக்கும் இப்படியே ஆகும் என்று சொல்ல வரவில்லை, அது யாருக்கும் தெரியாது.

முதலில் உங்களைக் குடையும் கேள்விக்கு வருகிறேன், என்னையும் அதுதான் பாடாய்ப் படுத்தியது. ஆபரேஷன் முடிந்த கையோடு எல்லோருக்கும் கரண்ட் வைப்பது நல்லதா, பிஎஸ்ஏ ஏறினால் மட்டும் வைப்பது நல்லதா என்று பிரிட்டன், கனடா, டென்மார்க், அயர்லாந்து நாடுகளில் 1,396 பேரை வைத்து ராடிகல்ஸ் என்று ஒரு ஆய்வு நடத்தினார்கள். 2020-இல் முடிவு வெளியானது. உடனே வைத்ததால் நோயைக் கட்டுப்படுத்துவதில் கூடுதல் பலன் தெரியவில்லை, சிறுநீர்த் தொந்தரவுதான் அதிகம். காத்திருந்தவர்களில் நிறையப் பேருக்கு அந்த ஆய்வுக் காலத்தில் கரண்டே தேவைப்படவில்லை. ஆக உங்கள் டாக்டர் 2021-இல் சொன்னது அப்போதைக்குச் சரியான பேச்சு. அந்தக் கணக்கை நோட்டிலிருந்து அடித்துவிடுங்கள்.

ஸ்கேனில் ஒன்றும் தெரியாதது பற்றி. 0.24 என்பது மிகக் குறைந்த அளவு, இந்த அளவில் பிஎஸ்எம்ஏ ஸ்கேனில் பாதிப் பேருக்கு மேல் எதுவும் தெரிவதில்லை. ஒன்றுமே இல்லை என்று அதற்கு அர்த்தம் கிடையாது. எலும்பிலோ தூரத்து நெறிக்கட்டியிலோ பெரிதாக எதுவும் கிளம்பவில்லை என்பது வரைக்கும் நல்ல செய்தி. சுரப்பி இருந்த குழிக்குத்தான் கரண்ட் வைப்பார்கள், விளிம்பில் செல் இருந்ததால் மிச்சம் அங்கேதான் இருக்கும் என்ற அனுமானம். இந்தக் கரண்ட் பிஎஸ்ஏ 0.5-க்குக் கீழே இருக்கும்போது வைத்தால்தான் நன்றாக வேலை செய்கிறது. ஸ்கேனில் தெரியட்டும் என்று காத்திருப்பவர்கள் இதைத்தான் கைநழுவ விடுகிறார்கள், உங்கள் தெரிந்த டாக்டர் எந்தத் துறை என்று தெரியவில்லை, ஆனால் இந்த இடத்தில் எனக்கு அவர் பேச்சு உடன்பாடில்லை.

அதற்காக நாளைக்கே ஓட வேண்டியதும் இல்லை. ஓரிரு வாரம் தள்ளிப்போவதால் எதுவும் கெட்டுவிடாது. நான் பதறிப்போய் டாக்டர் அறையில் தலையாட்டிவிட்டு வெளியே வந்து என்ன சொன்னார் என்று மகனிடம் கேட்டவன். நீங்கள் போகும்போது கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டு, கூட ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். தனியாகப் போகாதீர்கள்.

கரண்ட் எப்படி இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, அதனால் சொல்கிறேன். வாரம் ஐந்து நாள், ஆறரை ஏழு வாரம் போகும். மெஷினில் படுப்பது சில நிமிடம்தான், வலி கிடையாது. கஷ்டமே அதற்கு முந்தைய ஒரு மணி நேரம்தான். மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டும், குடல் காலியாக இருக்க வேண்டும். தண்ணீரைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருப்போம், முன்னால் போனவருக்கு நேரம் இழுத்துவிடும். ஆபரேஷனில் அடக்கும் சக்தியைப் பாதி தொலைத்த நாங்கள் நாலைந்து பேர் காலைக் குறுக்கே போட்டுக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தால் ஆபத்து என்று சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அந்தப் பெஞ்சில் கிடைத்த நண்பர்களோடு இன்றைக்கும் போனில் பேசுகிறேன். நாலாவது வாரத்துக்கு மேல் அசதி, அடிக்கடி மூத்திரம், மோஷனில் கொஞ்சம் எரிச்சல். பெரும்பாலும் சரியாகிவிடும், சிலருக்கு ரொம்ப நாள் கழித்து மலத்தில் ரத்தம் வரலாம், அதையும் கேட்டு வையுங்கள். முடிந்த உடனே பிஎஸ்ஏ கீழே வந்துவிடாது, மாதக்கணக்கில் மெல்ல இறங்கும். முதல் ரிசல்ட்டைப் பார்த்துப் பதறாதீர்கள்.

வார்டு_சிஸ்டர்

ஐயா, புற்றுநோய் வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். நீங்கள் கடைசியில் எழுதிய வரிக்குத்தான் முதலில் வருகிறேன். போய்ச் சேர்ந்தால் தேவலை என்பது சோர்வில் வரும் பேச்சா, இல்லை எப்படிப் போவது என்று வழி யோசிக்கும் அளவுக்குப் போகிறதா? நேராகவே கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள், இதைக் கேட்பதால் யாருக்கும் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. வழி யோசிக்கும் அளவுக்கு என்றால் இன்று ராத்திரியே வீட்டில் யாரையாவது எழுப்பிச் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. நம் அரசின் 104-உம் இருக்கிறது. அந்த அளவுக்கு இல்லை என்றாலும் தூக்கமில்லாமல் கிராஃப் போடுவதை டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். அடையாறு புற்றுநோய் நிறுவனத்தில் நோயாளிகளின் மனதைப் பார்ப்பதற்கென்றே தனித் துறை இருக்கிறது. நான் பார்த்தவரையில் முதல் தடவையைவிட நோய் திரும்பி வரும்போதுதான் ஆட்கள் அதிகம் உடைந்து போகிறார்கள், அதுவும் ஆம்பிளைகள் வார்டில் வாயே திறக்க மாட்டார்கள், வீட்டம்மா வெளியே வந்து எங்களிடம் அழுவார்.

ஹார்மோன் ஊசி பற்றி ஏன் டாக்டர்களுக்குள் இரண்டு கருத்து என்று கேட்டீர்கள். கரண்டோடு சேர்த்துப் போட்டால் நோய் மறுபடி தலைகாட்டுவது குறைகிறது என்று ஆய்வுகள் இருக்கின்றன. ஆனால் பிஎஸ்ஏ குறைவாக இருக்கும்போது அந்தக் கூடுதல் பலனும் குறைவு, ஊசியின் தொந்தரவு மட்டும் அப்படியே. உங்களுக்கு அளவு குறைவு, ஆனால் இரட்டிக்கும் வேகம் அதிகம். ஆக இரண்டு பேருமே தப்பாகச் சொல்லவில்லை. "ஊசி போட்டால் எனக்கு எவ்வளவு கூடுதல் பலன், போடாவிட்டால் எவ்வளவு நஷ்டம்" என்று கதிர்வீச்சு டாக்டரிடமே கேளுங்கள். சர்க்கரை, இதய நோய், எலும்புத் தேய்மானம் இருந்தால் அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள், ஊசி அதையெல்லாம் கூட்டும்.

அந்தப் பொடி விஷயம். நான் சித்த வைத்தியத்துக்கு எதிரி இல்லை. ஆனால் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத பொடியை டாக்டரிடம் மறைத்துச் சாப்பிடாதீர்கள். அமெரிக்காவில் பிசி-ஸ்பெஸ் என்று எட்டு மூலிகை சேர்ந்த ஒரு மாத்திரை விற்றார்கள், இதே நோய்க்கு, பிஎஸ்ஏ உண்மையிலேயே இறங்கியது. சோதித்துப் பார்த்தால் உள்ளே செயற்கை ஈஸ்ட்ரோஜனும் (பெண் ஹார்மோன்) ரத்தத்தை இளக்கும் வார்ஃபரினும் இருந்தன, 2002-இல் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள். எண் இறங்கினால் எல்லோருக்கும் சந்தோஷம், எதனால் இறங்கியது என்பதுதான் கேள்வி.

செலவுக்கு: ஓய்வூதியர் காப்பீடு உங்களுக்கு இருக்கும், கதிர்வீச்சு ஆரம்பிக்கும் முன்பே ஆஸ்பத்திரிக் காப்பீட்டுப் பிரிவில் அனுமதி வாங்கிவிடுங்கள். அது இல்லாதவர்கள் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் காட்டிக் கேட்கலாம்.

கோவை_அம்மணி

சாருக்கு வணக்கமுங்க. எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு வருஷத்துக்கு முன்னால் இதே கதை, கரண்ட் + ஊசி. அவர் இங்கே எல்லாம் எழுத மாட்டார், நான்தான் எழுதுகிறேன்.

உங்கள் மனைவி அந்த 0-4-ஐப் பார்த்துக் கும்பிட்டார் என்று படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் வீட்டுக்காரரும் என்னிடம் மறைத்தார். பேங்க் புத்தகத்தில் ஸ்கேனுக்குக் கட்டிய பணத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. நோய் திரும்பியதற்குக்கூட நான் அவ்வளவு அழவில்லைங்க, அந்த ஒரு மாதம் அவர் பக்கத்தில் படுத்துக்கொண்டு ஒன்றுமே தெரியாமல் நான் டிவி சீரியல் கதை சொல்லிக்கொண்டிருந்தேனே என்றுதான் அழுதேன். உங்கள் மனைவிக்கு வேறு யார் மூலமாகவாவது தெரியும் முன்னால் நீங்களே சொல்லிவிடுங்கள். ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த 0-4 எனக்கில்லை, எனக்கு 0.2 என்று சொன்னால் புரிந்துகொள்வார். முப்பது நாற்பது வருடம் குடும்பம் நடத்தியவர்.

ஊசியைப் பற்றி டாக்டர் சொல்லாததை நான் சொல்கிறேன். ஆம்பிளை ஹார்மோனை அப்படியே கீழே இறக்கிவிடுகிறது. ராத்திரி திடீரென்று உடம்பெல்லாம் தீயாய்க் காய்ந்து பனியன் நனைந்து எழுந்து உட்கார்வார். "எனக்கு மாதவிலக்கு நின்றபோது ஃபேனைக் கூட்டுங்கள் என்றால் திட்டினீர்களே, இப்போது தெரிகிறதா" என்று கேட்டேன், அன்றைக்கு ரெண்டு பேரும் ரொம்ப நாள் கழித்துச் சிரித்தோம். செய்தித்தாளில் ஏதோ படித்துவிட்டுக் கண் கலங்குவார். அடுத்த நிமிடம் சாம்பாரில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளுவார். தாம்பத்தியத்தில் நாட்டமே போய்விட்டது, அதை அவரால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை, என்னை விட்டு விலகி விலகிப் படுத்தார், எனக்கோ என் மேல் என்ன கோபம் என்று புரியவில்லை. கடைசியில் டாக்டரம்மா ஒருத்தர் எங்கள் ரெண்டு பேரையும் சேர்த்து உட்கார வைத்து இது ஊசியின் வேலை என்று சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. முதல் ஊசிக்கு முன்னாலேயே இதைச் சொல்லியிருந்தால் எத்தனையோ சண்டை மிச்சம்.

தினமும் நடக்கவும், கொஞ்சம் எடை தூக்கவும் சொன்னார்கள், எலும்புக்கும் அசதிக்கும் நல்லதாம். மணல் நிரப்பிய ரெண்டு தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடியில் நடப்பார். ஊசி நின்ற உடனே பழைய ஆள் வந்துவிட மாட்டார், பல மாதம் பிடிக்கும். இப்போது பரவாயில்லை. சாம்பார் பற்றிய புகார் மட்டும் போகவில்லை, அது ஊசிக்கு முன்னாலேயே இருந்ததுதான்.

தாத்தா_78

தம்பி, நான் கரண்டும் வைக்கவில்லை, ஊசியும் போடவில்லை. ஆபரேஷன் முடிந்து பல வருடம் கழித்துத்தான் எனக்கு ஏற ஆரம்பித்தது, இரட்டிக்க ரெண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஹார்ட்டில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. டாக்டரும் நானும் பேசிச் சும்மா இருப்பது என்று முடிவு செய்தோம். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ரத்தம் கொடுக்கிறேன், ரிசல்ட் வரும் வாரம் மட்டும் வீட்டில் யாரும் என்னிடம் காசு கேட்க மாட்டார்கள்.

அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் 1999-இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு பிஎஸ்ஏ ஏறியும், நோய் வேறு இடத்துக்குப் பரவும்வரை ஹார்மோன் மருந்து கொடுக்காமல் கவனித்தவர்களில் பரவுவதற்கு ஆன காலத்தின் இடைநிலை 8 வருடம். கணக்கு வாத்தியாருக்கு இடைநிலை என்றால் என்னவென்று தெரியும், பாதிப் பேருக்கு அதற்கும் மேல். இன்றைக்கு இருக்கும் ஸ்கேனும் மருந்தும் அப்போது கிடையாது. ராத்திரி கிராஃப் போட்டால் இதையும் சேர்த்துப் போடுங்கள்.

ஆனால் ஒன்று. அதே ஆய்வில் 10 மாதத்துக்குள் இரட்டித்தவர்களுக்குச் சீக்கிரம் பரவியிருக்கிறது. நீங்கள் ஆறு மாதம் என்கிறீர்கள், வயதும் 67-தான். தாத்தா சும்மா இருக்கிறார், நாமும் இருப்போம் என்று என்னைப் பின்பற்ற வேண்டாம். உங்கள் இடத்தில் இருந்தால் நான் கரண்டுக்குப் போயிருப்பேன்.

மன்னை_வாத்தியார்

எல்லோருக்கும் நன்றி. பதில் போடத் தாமதமாகிவிட்டது, இங்கே நிறைய நடந்துவிட்டது.

சிஸ்டர், நீங்கள் கேட்டதற்கு நேராகவே பதில்: வழி யோசிக்கும் அளவுக்கு இல்லை, தூக்கம் கெட்ட ராத்திரிகளில் வரும் அலுப்புதான். ஆனாலும் 14416-க்குப் பேசினேன். பேசிய பெண்ணுக்கு என் மாணவிகள் வயதுதான் இருக்கும், பொறுமையாகக் கேட்டாள். தூக்கத்துக்கு ஒரு டாக்டரைப் பார்க்கச் சொன்னாள், பார்த்துவிட்டேன்.

வீட்டில் சொல்லிவிட்டேன். கோவை அம்மா சொன்ன மாதிரியே ரிப்போர்ட்டைக் காட்டித்தான். அவள் அழவில்லை, "பென்ஷன் ஆபீஸுக்குப் போனதாகச் சொன்னது பொய்தானே?" என்றுதான் முதலில் கேட்டாள். ரெண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே மகளுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். மகள் என்னைத் திட்டிய திட்டு இருக்கிறதே, பள்ளிக்கூடத்தில் நான் யாரையும் அப்படித் திட்டியதில்லை. பிரசவத்துக்கு அம்மா எப்படியும் தாம்பரம் வரத்தானே போகிறாள், நீங்களும் வந்து இங்கிருந்தே கரண்டுக்குப் போங்கள் என்று முடிவாகச் சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை ஒரு ரூமைக் காலி செய்துவிட்டாராம்.

கதிர்வீச்சு டாக்டரிடம் மனைவியோடு போனேன். சிஸ்டர் சொன்ன கேள்வியை அப்படியே கேட்டேன். ஊசியின் பலன் எனக்கு எவ்வளவு, தொந்தரவு எவ்வளவு என்று பேப்பரில் எழுதிக் காட்டினார். எனக்குச் சர்க்கரை இருக்கிறது, எலும்பு அடர்த்தி ஸ்கேனில் தேய்மானமும் கொஞ்சம் தெரிந்தது. ஆனால் வேகமாக இரட்டிப்பதால் ஆறு மாதம் மட்டும் போடுவது என்று முடிவெடுத்தோம், கால்சியம், வைட்டமின் டி, நடைப்பயிற்சியோடு. வேர்க்கும், கண் கலங்கும், சிடுசிடுப்பு வரும் என்று டாக்டர் சொன்னபோது "கடைசி ஒன்று ஏற்கனவே இருக்கிறது டாக்டர்" என்றாள் என் மனைவி.

பயம் போகவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யாருக்கும் தெரியாமல் பயப்படுவது போய்விட்டது. தம்பியின் பொடி அலமாரியில் இருக்கிறது, திறக்கவில்லை, அவன் மனம் நோகக் கூடாது என்று நன்றி சொல்லி வைத்திருக்கிறேன்.

ஒரே ஒரு கேள்வி. நடுவில் ஊருக்கு வந்து போக மன்னை எக்ஸ்பிரஸ்தான் வசதி, ரயிலில் புற்றுநோயாளிகளுக்குச் சலுகை உண்டு என்கிறார்களே, எப்படி வாங்குவது?

காவிரிக்கரை

உண்டு சார். சிகிச்சைக்கும் செக்கப்புக்கும் போய் வர, படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்கு ஏசியிலும் நோயாளிக்கு முழுக் கட்டணச் சலுகை, கூட வரும் ஒருவருக்கு 75 சதவீதம். ரயில்வேயின் படிவம் ஒன்று இருக்கிறது, அதில் சிகிச்சை தரும் ஆஸ்பத்திரி டாக்டரின் கையெழுத்தும் சீலும் வேண்டும். போனில் புக் செய்யும்போது கிடைக்காது, முன்பதிவு கவுண்டரில்தான் வாங்க வேண்டும். படிவத்தை நாலைந்து நகல் எடுத்து, டாக்டரிடம் போகும் முதல் நாளே எல்லாவற்றிலும் கையெழுத்து வாங்கிவிடுங்கள், அப்புறம் அவரைப் பிடிப்பது கஷ்டம். துணைக்கு என்று உங்கள் வீட்டம்மா பெயரைப் போடுங்கள். கீழ்ப் படுக்கை கேட்டு வாங்குங்கள், கரண்ட் ஆரம்பித்த பிறகு ராத்திரியில் நாலு தடவையாவது எழுந்திருக்க வேண்டியிருக்கும்.